வெயிலுமுத்து அண்ணாச்சியின் கடைசிக் கூண்டு

செய்தி வந்தபோது நான் ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். கடலைமிட்டாய் கம்பெனி முதலாளிதான் போனில் பேசினார். "ஏம்மா, நம்ம கண்டக்டர் அண்ணாச்சி தவறிட்டாவளாம். நெஞ்சுவலியாம். ஆட்டோ வாரதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்" என்றார். ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு, கடையைக்கூடச் சரியாகச் சாத்தாமல் ஓடினேன்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோவில்பட்டியில் பூனைக்குச் சோறு வைக்கிறவர்கள், பூனையைக் கல்லால் எறிகிறவர்கள் என்று இரண்டு கட்சிக்காரர்களுக்கும் வெயிலுமுத்து அண்ணாச்சியைத் தெரியும். விளாத்திகுளம், புதூர் பஸ்ஸில் ஏறி இறங்கிய பாதிப் பேருக்கும் தெரியும். நல்லவர், தங்கமானவர் என்று நான் எழுதினால் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்று மதியம் அவர் கடலைமிட்டாய் கம்பெனியின் சரக்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் பூனைக்கு ஒரு கூண்டு வைத்திருந்தார். அதைப் போய்ப் பார்க்க வேண்டியவள் நான்.

பிற்பகலில் அவர் போனில் பேசியது இவ்வளவுதான். "கிட்டங்கில கூண்டு வச்சிருக்கேன். எனக்கு லேசா அசதியா இருக்கு, வீட்ல போய்ப் படுக்கப் போறேன். நீ ஒரு எட்டு போய்ப் பாத்துக்கிடுதியா?" சரி அண்ணாச்சி, போறேன் என்றேன். அசதி என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. என்ன அசதி என்று விசாரிக்கவும் எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலையில் முகூர்த்தம், தைக்க வேண்டிய ரவிக்கைகள் மேசை மேல் கிடந்தன. இந்தக் கையை மூட்டிவிட்டுப் போகலாம், இந்தக் கழுத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். அதற்குள் செய்தி வந்துவிட்டது. இழவு வீட்டில் அழுதேன். அண்ணாச்சியின் மனைவியை, எங்கள் மதினியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரவிக்கைகளை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று கல்யாண வீட்டுக்குப் போன் செய்ய மறக்கவில்லை. கூண்டு மட்டும் மறுநாள் சாயங்காலம் வரை நினைவுக்கு வரவில்லை.

எனக்கு அவர் பழக்கமானதே அந்தக் கூண்டால்தான். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் கம்பிக் கூண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் கடைக்குள் வந்தார். உள்ளே ஒரு கடுவன் பூனை, கடை அதிரக் கத்திக்கொண்டிருந்தது. அளவு கொடுத்துக்கொண்டிருந்த பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "இதுக்கு ஒரு உறை தைக்கணும். இருட்டா இருந்தா பயப்படாம கெடக்கும்" என்றார். அளவுதான் வேண்டுமென்றால் வெறும் கூண்டைக் கொண்டு வந்திருக்கலாமே என்றேன். "டாக்டர்ட்ட போற வழிம்மா. எதுக்கு ரெண்டு தடவை அலையணும்?" என்றார். மிச்சம் கிடந்த கறுப்பு லைனிங் துணியில் ஒரு உறை தைத்துக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு நானும் கால்நடை டாக்டர் அம்மாவின் கிளினிக்கில் நின்றுகொண்டிருந்தேன். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வேலைக்கு ஆள் சேர்ப்பதில் அவர் அப்படித்தான், கேட்கவே மாட்டார்.

நாங்கள் செய்தது சின்ன வேலை. தெருப் பூனைகளைப் பிடித்து, குட்டி போடாமல் இருக்க ஆபரேஷன் செய்து, காயம் ஆறியதும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவோம். ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாக டாக்டர் அம்மா ஒரு காதின் நுனியைக் கொஞ்சம் கத்தரித்துவிடுவார். முதலாளி தன் கம்பெனி வேனைக் கொடுப்பார். பூனையைக் கூண்டுக்குள் வரவழைப்பது அண்ணாச்சியின் வேலை. கருவாட்டுத் தலையை உள்ளே வைத்துவிட்டு ஒரு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "உள்ள போ தாயி, உள்ள எடம் இருக்குல்லா, வாசல்ல நிக்காத" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பார். ரிட்டயர்டு ஆகியும் அந்தப் பேச்சு போகவில்லை.

முதலாளியைச் சம்மதிக்க வைத்த கதை ஊருக்கே தெரியும். கடலை மூட்டை இருக்கிற இடத்தில் எலி இருக்கும், எலிக்குப் பூனை வேண்டும். "ஆபரேசன் பண்ணுனா பூனை மந்தமாயிருமே அண்ணாச்சி, பெறகு எலி பிடிக்குமா?" என்று முதலாளி இழுத்தார். அண்ணாச்சி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். "எனக்கும் பண்ணித்தான் இருக்கு, ரெண்டாவது மகன் பெறந்த உடனே. நான் என்ன, டிக்கெட் போடாமலா இருந்தேன்?" என்றார். கடலை உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளி கிட்டங்கிச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இவ்வளவு வேடிக்கையாகப் பேசுகிறவர், இந்த வேலைக்கு ஏன் வந்தார் என்பதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கமாட்டார். யாரும் கேட்காமலேயே சொல்லுவார், டீக்கடையில் புதிதாகப் பார்க்கிறவர்களிடம்கூடச் சொல்லுவார். வீட்டுப் பூனை குட்டி போட்டுவிட்டால், வைத்துக்கொள்ள முடியாதவர்கள் குட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். பக்கத்துத் தெருவில் விட்டால் திரும்பி வந்துவிடும், பஸ்ஸில் கொண்டுபோய் விட்டால் வராது. விளாத்திகுளம் போகிற வழியில், ஊரே இல்லாத ஒரு கரிசல் காட்டோரம் வந்ததும், "கண்டக்டரே, ஒரு நிமிசம்" என்பார்கள். அண்ணாச்சி விசில் ஊதுவார். வண்டி நிற்கும். இறங்கி, சாக்கை அவிழ்த்துக் கவிழ்த்துவிட்டு ஏறிக்கொள்வார்கள். அண்ணாச்சி மறுபடி விசில் கொடுப்பார். பருத்திச் செடிகளுக்கு நடுவே, கண் திறந்தும் திறக்காமலும் அந்தக் குட்டிகள் வெயிலில் கிடக்கும்.

"விட்டவன்மேல நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவனுக்கு வீட்ல எடமில்ல. விசிலு எங்கையிலதான இருந்துச்சு? ஊதாம இருந்திருக்கலாம்லா?" என்பார். ஏன் அண்ணாச்சி ஊதினீர்கள் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "கூட்டம். டிக்கெட் போடுத அவசரம். வேற என்ன பெரிய காரணம் இருக்கப் போவுது?" என்றார்.

ஊரிலுள்ள ஒரு சங்கத்தார் அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று வந்தார்கள். ஜீவகாருண்யச் சேவை என்று நோட்டீஸும் அடித்துவிட்டார்கள். அண்ணாச்சி வாசலிலேயே கும்பிட்டு அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர்கள் போன பிறகு நான் சண்டை போட்டேன். இந்த வேலைக்கு நாலு பேர் பணம் கொடுக்க அது உதவியிருக்கும் என்பது என் கணக்கு. "ஏட்டி, ஒரு பொம்பளைப் பூனையோட கர்ப்பப்பையை அறுத்து எடுக்கோம். அதுக்கு நான் பொன்னாடை போத்திக்கிடணுமா?" என்றார். குட்டிகள் காட்டில் கிடந்து சாகாமல் இருக்கத்தானே செய்கிறோம் என்றேன். "ஆமா, வேற வழி தெரியல, அதனால செய்யுதோம். ஆனாலும் பாவந்தான். பாவம்னு நெனப்பு இருந்தாத்தான் கை கொஞ்சம் பதறும். பதறுனாத்தான் பாத்துச் செய்வோம்." இதை அவர் உபதேசமாகச் சொல்லவில்லை, எரிச்சலோடுதான் சொன்னார். எனக்கும் அன்று எரிச்சலாகத்தான் இருந்தது.

அவர் பார்த்துச் செய்த விதத்தைச் சொல்லவேண்டும். கூண்டை வைத்தால் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். கதவு விழுந்த சத்தம் கேட்டதும் போய், முதலில் பூனையின் வயிற்றைப் பார்ப்பார். காம்பில் பால் இருந்தால் அங்கேயே கதவைத் திறந்துவிட்டுவிடுவார். "பிள்ளைய விட்டுட்டு வந்திருக்கா. போ தாயி, போ." ஒரு முறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் காலையிலிருந்து காத்திருந்து பிடித்த பூனையை அப்படித் திறந்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது, கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். "குட்டி பால் மறக்கட்டும், பெறகு வருவோம். நமக்கென்ன, கடைசி பஸ்ஸா போயிரும்?" என்றார். பால் கொடுக்கிற பூனையைக் கூண்டில் அதிக நேரம் வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் குளித்துத் திரும்பியிருந்தார்கள். நான் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். "நாளைக்குச் சரக்கு வருது, காலையில கிட்டங்கியத் தொறக்கணும்" என்று முதலாளி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்துவிட்டு, சாவி கொடுங்கள் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் கூடவே வந்தார்.

தகரக் கூரை. சித்திரை வெயில் முழுவதும் உள்ளேயே இருந்தது. மூட்டைகளுக்கு நடுவில் கூண்டு, அதன் மேல் நான் தைத்த உறை. தூக்கிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் வரி போட்ட ஒரு பூனை. கம்பியில் முட்டி முட்டி மூக்கு கிழிந்திருந்தது. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. வயிற்று மயிர் பாலில் நனைந்து ஒட்டிக் கிடந்தது. கதவைத் திறந்ததும் என் கையைக் கீறிக்கொண்டு வெல்ல மூட்டைகளுக்குப் பின்னால் பாய்ந்தது. முதலாளி டார்ச் அடித்தார். மூன்று குட்டிகள். இரண்டு விறைத்துக் கிடந்தன. அந்த இரண்டையும்தான் அது முதலில் நக்கியது. வெகுநேரம் நக்கியது. பிறகு, அசைந்துகொண்டிருந்த மூன்றாவதைக் கவ்விக்கொண்டு பரண்மேல் ஏறிவிட்டது.

"வெயில் தாங்கலம்மா. நீ என்ன செய்வ?" என்றார் முதலாளி. அண்ணாச்சி என்னைப் போகச் சொல்லியிருந்தது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. கிட்டங்கிக்குப் பின்னால் குழி தோண்டி அந்த இரண்டையும் புதைத்தேன். என் கடையிலிருந்து கிட்டங்கி நடந்து போகிற தூரம்தான். சனிக்கிழமை சாயங்காலம் போயிருந்தால், வயிற்றைப் பார்த்துவிட்டுத் திறந்துவிட்டிருப்பேன். அவ்வளவுதான் வேலை.

அந்தத் தாயை இன்னும் பிடிக்க முடியவில்லை. பிழைத்த குட்டி பால் மறந்து மீன் தின்கிறது. தாய்க்கு இப்போது ஆபரேஷன் செய்தாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஈற்று வந்துவிடும். ஒரு முறை கூண்டில் வதைபட்ட பூனை லேசில் மறுபடி உள்ளே வராது. பயம் தெளியட்டும் என்று தினமும் போய், கூண்டுக் கதவு விழாதபடி கட்டித் திறந்து வைத்து, கருவாடு வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அண்ணாச்சி மாதிரிப் பேசிக்கூடப் பார்த்தேன். பரணிலிருந்து என்னைப் பார்க்கிறது, இறங்கமாட்டேன் என்கிறது.

கருமாதி விசேஷம் கழித்த அன்று, எல்லோரும் போன பிறகு, மதினி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அண்ணாச்சியின் கடைசி நேரத்தைப் பற்றி அதுவரை அவர் யாரிடமும் வாய் திறந்திருக்கவில்லை.

"படுத்தாவ, எந்திரிச்சாவ. சட்டையை எடுன்னாவ. எங்க போறீயன்னா, கூண்டைப் பாக்கணும்ங்காவ. நெஞ்சைக் கையால பிடிச்சிருக்காவ, பேச்சு மட்டும் கூண்டு, கூண்டுன்னுதான். நாந்தான் சொன்னேன், அதான் அவகிட்டச் சொல்லிட்டியள்லா, அவ போயிருப்பா, நீங்க சும்மா படுங்கன்னு. 'ஆமா, அவ போயிருப்பா'ன்னாவ. அந்த நிம்மதியில சாஞ்சவியதான்." மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். "போனியா?"

"போனேன் மதினி" என்றேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை.

மற்றவர்கள் அவர் சொன்னதையெல்லாம் நினைவில் வைத்திருப்பார்கள், சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கென்று அவர் விட்டுப்போனது 'அவ போயிருப்பா' என்ற அந்த ஒரு சொல். என்னைப் பற்றி யாரும் இவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னதில்லை. மதினி, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். நான் அன்று போகவில்லை.