புள்ளிகளும் கோடுகளும் நான் வாங்கிய ஏச்சும்

விரிவுரையாளர்களை ஆய்வு செய்வதைவிட ஒலுவில் கடற்கரை நண்டுகளை நிற்கச் சொல்லி எண்ணுவது சுலபம். எங்கள் பல்கலைக்கழகத்தில் யார் யாரோடு சேர்ந்து கட்டுரை எழுதுகிறார்கள் என்பதுதான் என் இறுதியாண்டு ஆய்வு. ஆளுக்கொரு புள்ளி, சேர்ந்து எழுதியிருந்தால் இடையில் ஒரு கோடு. கோடு கூடியவர் நடுவில், இல்லாதவர் ஓரத்தில். பிறிஸ்டல் போட் மட்டையில் பென்சிலால் வரைந்தேன். ஆய்வென்று அலைந்து நொந்தவர்களே, மிச்சத்தைக் கேளுங்கள்.

அழிறப்பர்

பொருளியல் படிப்பிக்கும் சேருக்கும் புவியியல் சேருக்கும் இடையில் நல்ல தடித்த கோடு. படத்தைப் பார்த்ததும் பொருளியல் சேரின் முகம் கறுத்தது. பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவில் இருவரும் வேறு வேறு பக்கமாம். "கட்டுரை அச்சில வந்திட்டே சேர்" என்றேன்.

"அச்சில கிடந்தா கிடக்கட்டும் புள்ள. நாங்க இப்ப கதைக்கிறல்ல. உங்கட படத்தில அந்தக் கோட்ட அழிங்க."

கடைசி சீட்

கோடுகள் ஏன் சிலரிடமே குவிகின்றன? கல்முனையிலிருந்து வரும் விரிவுரையாளர் வேனில் ஒருநாள் ஏறியதும் விளங்கிவிட்டது. கோடுள்ளவர்கள் எல்லாரும் முன் சீட்டுகளில் அடுத்த கட்டுரைக்குத் தலைப்புப் பேசிக்கொண்டு வந்தார்கள். பெண் விரிவுரையாளர் இருவரும் கடைசி சீட்டில். அவர்களில் ஒருவர் முதல் வகுப்பில் தேறியவர். படத்தில் அவருக்கு ஒரு கோடும் இல்லை. இது என்ன நியாயம் என்று அவரிடமே பொரிந்து தள்ளினேன். முக்காட்டைச் சரிசெய்தபடி சொன்னார்:

"முன்னுக்குக் கதைக்கிறது பின்னுக்குக் கேக்கிறல்ல தங்கச்சி. எஞ்சின் சத்தம்."

கையெழுத்து

என் மேற்பார்வையாளர் கையெழுத்து வைத்தால்தான் ஆய்வை ஒப்படைக்கலாம். ஒப்படைக்காவிட்டால் பட்டம் இல்லை. அவரோ எல்லாவற்றையும் தனியாகவே எழுதியவர்.

"நான் ஏன் இந்த மூலையில?"

"நீங்க ஆரோடயும் சேர்ந்து எழுதல்ல சேர்."

"நடுவில வைங்க."

"ஏலாது சேர். வெச்சா அது ஆய்வில்ல."

பேனையை மூடிச் சட்டைப் பையில் போட்டுவிட்டார். ஒரு கிழமை அவர் அறை வாசலில் நின்று வாதாடினேன். கடைசியில் நானே வாயைக் கொடுத்தேன்: "அப்ப ஆரோடயாவது ஒரு கட்டுரை எழுதுங்க சேர். அண்டைக்கே கோடு போடுறன்." யோசித்தார். பேனையை எடுத்து இரண்டு பிரதியிலும் கையெழுத்து வைத்தார். ஒரு பிரதியை என்னிடம் நீட்டி, மற்றதைத் தன் மேசை லாச்சிக்குள் வைத்தபடி சொன்னார்:

"இதையே கட்டுரையாப் போடுவம் புள்ள. என்ட பேர் முதல்ல, உங்கட பேர் ரெண்டாவது. இப்ப போடுங்க கோட்ட."

எனக்கும் ஒரு புள்ளி வைத்துக் கோடு போட்டேன், ஆனால் ஒற்றைக் கோட்டால் யாரும் நடுவுக்கு வருவதில்லை என்பதால், சேரும் நானும் இப்போது சேர்ந்தே மூலையில் நிற்கிறோம்.