இரண்டு பட்டன், ஒரே விலாசம்

"இப்போ அழுத்து."

"அழுத்திட்டேன்பா. ஒண்ணும் ஆகல."

"மெதுவா, நடுவுல அழுத்து."

"பட்டனுக்கு நடு வேறயா? அது செத்துக் கிடக்கு."

போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு அவன் அன்று காலை ஓடிய சோதனைகளின் பட்டியலைத் திறந்தான். முன்பதிவு, இருக்கை, ரத்து, தேதி மாற்றம். நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகள், எல்லாம் பச்சை. தேதி மாற்றும் பட்டன் ஆறு மணிக்குத் தேறியிருந்தது.

"இங்கே பச்சையாத்தான் இருக்கு."

"இங்கே நான் சிவப்பாயிட்டு வர்றேன்" என்றாள் மகள்.

அவள் நானூறு கிலோமீட்டர் தள்ளி அம்மாவோடு இருக்கிறாள். அன்று மாலை பஸ் ஏறி வருவதாக இருந்தவள். கல்லூரியில் ஒரு தேர்வைத் திடீரென்று சனிக்கிழமைக் காலைக்குத் தள்ளிவிட்டார்கள். டிக்கெட்டைச் சனி மதிய வண்டிக்கு மாற்றினால் ஞாயிறு ஒரு பகல் அப்பாவோடு இருக்கலாம். இல்லையென்றால் இல்லை. திங்கள் முதல் மூன்று மாதம் பயிற்சிக்கு வேறு ஊர் போகிறாள். மதிய வண்டியில் நான்கு இடம் மிச்சம். வண்டி அவன் வேலை பார்க்கும் கம்பெனியுடையது. டிக்கெட் எடுக்கும் இணையப் பக்கம் அவன் தினமும் சோதிப்பது.

"அஞ்சு நிமிஷம் இரு. பார்த்துச் சொல்றேன்."

"உன் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா. சீக்கிரம்பா."

முன்பு அவன் அதே கம்பெனியில் டிக்கெட் கவுண்டரில் பதினொரு வருடம் இருந்தவன். கவுண்டரை மூடியபோது மற்றவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு போனார்கள். அவன் ஒரு தடித்த புத்தகம் வாங்கித் தானே படித்து, மாடியில் பிரிண்டருக்குப் பக்கத்து நாற்காலிக்கு வந்தான். பயணி செய்வதையெல்லாம் செய்து பார்க்கும் நிரலை எழுதுவது வேலை. நிரலுக்குக் கண் கிடையாது. எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று சொல்ல ஒரு லொக்கேட்டர் வேண்டும். அவன் அதை விலாசம் என்பான். மூன்றாவது பெட்டியில் இரண்டாவது பட்டன் என்று இடத்தை வைத்து எழுதுவது அவனுக்குப் பிடிக்காது. நாளைக்கே நடுவில் ஒரு பெட்டியைச் செருகினால் நிரல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும். ஒவ்வொன்றுக்கும் மாறாத பெயர் ஒன்றைக் கேட்டு வாங்குவான். அதனால் மாடியில் அவனுக்கு 'விலாசம் சார்' என்று பெயர்.

இணையப் பக்கத்தைக் கட்டுகிற பெண் ஏழு மாத கர்ப்பிணி. "பட்டனுக்கெல்லாம் பேர் வெச்சு வெச்சு, உள்ளே இருக்கிறதுக்குப் பேரே மிச்சமில்ல சார்" என்பாள். அவன் சிரிப்பான். அன்றைக்கு அவனுக்கு மனிதர்களோடு பேச்சு அதோடு சரி என்று போகிற நாட்களும் உண்டு.

மனைவி பிரிந்து ஏழு வருடம். போகிற அன்று அவள் கத்தவில்லை. "நான் ஒண்ணு கேட்டா அதைச் செய்ய மாட்டீங்க. நான் ஏன் கேட்டேன்னு ஆராய்ச்சி பண்ணுவீங்க" என்றாள். அது ஏன் அப்படி என்று அவன் ரொம்ப நாள் யோசித்தான்.

சோதனையை மறுபடி ஓட்டினான். பச்சை. தன் திரையில் பக்கத்தைத் திறந்து கையால் அழுத்தினான். பட்டன் அசையவில்லை. நிரல் அழுத்தினால் வேலை செய்கிறது, மனிதன் அழுத்தினால் இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். பக்கத்தின் உள்ளே போய் வரி வரியாகப் பார்த்தான். யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். அது ஆறி ஆடை கட்டியது.

பட்டன் இரண்டு இருந்தது. ஒன்று அகலத் திரைக்கு. இன்னொன்று போன் திரைக்கு, அகலத் திரையில் அது கண்ணுக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பெயர். அந்தப் பெயரில் முதலில் அகப்படுவதை எடு என்று அவன் எழுதியிருந்தான். முதலில் இருந்தது மறைந்திருந்த பட்டன். தெரியாத பட்டனை அழுத்த மாட்டேன் என்று நிரல் அப்போதே அடம்பிடித்திருக்கிறது. தெரியாவிட்டாலும் அழுத்து என்று ஒரு வரி சேர்த்திருந்தான். அந்த வரிக்கு எதிரே தேதி இருந்தது: இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை. அன்று அவனுக்கு அவசரம் எதுவும் இருந்ததாக ஞாபகமில்லை. சலிப்பாக இருந்திருக்கும். செவ்வாய்க்கிழமை புதுப்பித்ததில் அகலத் திரைப் பட்டன் செத்திருக்கிறது. நான்கு நாளாக நிரல் மற்றதை அழுத்திவிட்டுத் தேறிக்கொண்டிருந்தது.

உடனே போன் செய்தான்.

"கண்டுபிடிச்சிட்டேன். லேப்டாப்பை மூடு. போன்லயே பக்கத்தைத் திற, அதுல வேலை செய்யும்."

"இரு." அவள் திரையைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஆமா, இதுல திறக்குது."

"நான் சொல்லல?"

"சீட்டு போயிடுச்சுப்பா."

"நாலு இருந்ததே."

"நாற்பது நிமிஷம் ஆச்சு."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு புது டிக்கெட்டே எடுத்திருக்கலாம். அதற்கு இரண்டு நிமிஷம். அது அந்த நாற்பது நிமிஷமும் அவனுக்குத் தோன்றவில்லை.

"நீ ஏன் கூப்பிடல?" என்று கேட்டான்.

"பார்த்துச் சொல்றேன்னியே. சரி விடு. பயிற்சி முடிஞ்சு வர்றேன். சாப்பிட்டியா?"

"ம்."

அணிக்குச் செய்தி எழுதினான். தேதி மாற்றும் பட்டன் செவ்வாய் முதல் வேலை செய்யவில்லை. சோதனை பிடிக்காததற்குக் காரணம் என் லொக்கேட்டர். அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது பக்கம் கட்டுகிறவள் மேசையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"பேரைக் காப்பி அடிச்சது நான் சார். ஏன் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

"கண்ணை மூடிக்கிட்டு அழுத்தச் சொன்னது நான்தாம்மா."

"பொண்ணு வர்றான்னு சீக்கிரம் கிளம்பறதா இருந்தீங்களே?"

"வரல."

அவள் மேசையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு ஆறிய டீயை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் சனிக்கிழமை. ஏழு மணிக்கு எழுந்தான். வழக்கம்போல அரை லிட்டர் பால் வாங்கினான். அலுவலகத்தில் யாரும் இல்லை. இரண்டு பட்டனுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, அந்த ஒரு வரியை எடுத்தான். தேடியதில் அதே வரி இன்னும் பதினொரு இடத்தில் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஓட்டினான். ஒன்பது சிவப்பு வந்தது. குறித்து வைத்தான். பன்னிரண்டு நாற்பது வண்டி எல்லா இடமும் நிறைந்து நேரத்துக்குக் கிளம்பியதாகத் திரையில் காட்டியது. வீட்டுக்கு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்திருந்த மெத்தையைச் சுருட்டி அலமாரிக்கு மேல் வைத்தான். மாலை ஆறு மணிக்கு மகளிடமிருந்து, தேர்வு சுமார் என்று செய்தி வந்தது. நல்லது என்று பதில் போட்டான்.