படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்கள்

மாத்தளை நகரின் நடுவே, ஆற்றை ஒட்டிய தொடர்மாடியின் மூன்றாம் மாடியில்தான் எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள். போன மாரியில் ஒரு பகல், ஆறு பொங்கிக் கீழ்வாசல் வரை வந்துவிட்டது.

"உக்குவளைக்குப் போயிருவோம். அங்க என் அக்கா வீட்டுல இருக்கலாம்," என்றார் கணவர். சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு துணிப்பையை எடுத்தேன்.

"மேல தண்ணி வராதுதானேம்மா? அப்புறம் ஏன் கீழ போறோம்?" என்றாள் மகள். அவள் கையையும் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

பாதிப் படியில், கீழ்த்தளத்து முஸ்லிம் அக்கா சுருட்டிய பாயும் பிள்ளைகளுமாக எதிரே ஏறி வந்தார்.

"எங்க போறீங்க? நாங்க உங்கட ஊட்டுக்குத்தானே வாறோம்!"

நான் குழம்பிப்போய் நின்றேன். வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாமா என்றுகூடத் தோன்றியது. கணவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அதற்குள் மகள் அந்தப் பிள்ளைகளோடு மேலே ஓடிவிட்டாள். நாங்களும் திரும்பினோம்.

பெரிய சட்டியில் சோறாக்கி எல்லோரும் சாப்பிட்டோம். கீழ்த்தளத்து அக்கா வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் வந்து, மறுநாள் வடிந்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உக்குவளைக்குப் போகும் வீதியிலும் ஒன்றும் ஆகவில்லையாம். பிள்ளைகளோடு வீட்டிலேயே இருந்தது சரியா, போயிருக்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.