மைசூருக்குக் கிளம்பி செம்பரம்பாக்கத்தில் இறங்கினோம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியின் பேக்கிங் பிரிவில், பசை டின்னுக்கு மேலே ஒரு காலண்டர் தொங்கியது. மைசூர் அரண்மனைப் படம். சுற்றிலும் இருட்டு, அரண்மனை மட்டும் பொன்னாக எரியும். வருஷம் முடிந்த பிறகும் அதைக் கழற்ற நான் யாரையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளிலும்தான் அந்த விளக்கைப் போடுவார்கள், அதுவும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கொஞ்ச நேரம்தான் என்று சூப்பர்வைசர் சொன்னார். அதைப் பார்க்க வேண்டும் என்று எட்டு வருஷம் என் வீட்டுக்காரரை நச்சரித்தேன். அவர் அதே கம்பெனியில் ஃபிட்டர்.

"போலாம் மே. அரண்மனை இன்னா எயுந்து ஓடிடப் போவுதா?" என்பார் ஒவ்வொரு வருஷமும்.

அரண்மனை ஓடாது. நான் கிழவியாகிவிடுவேன் என்பது அந்த மனுஷனுக்கு உறைக்கவில்லை. ஆவடியில் வீடு, அம்பத்தூரில் வேலை, பூந்தமல்லியில் நாத்தனார் வீடு, எப்போதாவது ஒரு கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம். முப்பத்திரண்டு வயதில் நான் பார்த்திருந்த இந்தியா அவ்வளவுதான். நம் நாடு நம் நாடு என்று பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியப் பாட வைத்தார்கள். ஒருத்தராவது கூட்டிப்போய்க் காட்டினார்களா?

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம் காணும் பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நான் கேன்டீனில் எழுந்து நின்று, "இந்த வருசம் மைசூரு. வராதவன் ஊட்லயே கெட" என்றேன். பெண்டாட்டி பிள்ளைகளோடு நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். டூரிஸ்ட் பஸ் ஒன்று பேசினோம். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஆறு மணிக்குள் மைசூர். ஏழுக்கு விளக்கு. மறுநாள் மற்றதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும், பஸ்ஸுக்கு வேறு சவாரி இருந்தது.

அண்டா நிறைய புளிசோறு கிளறினேன். அரண்மனை வாசலில் விரித்து உட்கார்ந்து சாப்பிடப் புது ஜமக்காளம் எடுத்துக்கொண்டேன். காலண்டர் நிறத்திலேயே ஒரு மஞ்சள் புடவை கட்டினேன். அம்பத்தூரில் ஏறும்போதே பஸ்ஸில் எல்லாருக்கும் சிரிப்பு. எதற்கென்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பூந்தமல்லி தாண்டுவதற்குள் பிள்ளைகள் மூன்று தடவை "மைசூரு வந்துடுச்சா" என்று கேட்டுவிட்டார்கள்.

நசரத்பேட்டையில் வண்டி இரண்டு தடவை இருமியது. ஓரமாகப் போய் நின்றுவிட்டது.

டிரைவர் நிதானமான ஆள். "யாரும் கை வெக்காதீங்க அண்ணாத்தே. பூந்தமல்லில நமக்குத் தெரிஞ்ச பாய் ஒருத்தர் ஒர்க் ஷாப் வெச்சிகினு கீறாரு. அவருக்கு இன்னிக்கு லீவு கெடையாது. ஒரு மணி நேரத்துல இட்டாந்துடறேன்" என்றார்.

அன்றைக்குப் பூராவும் இதைவிட நல்ல யோசனையை ஒருத்தரும் சொல்லவில்லை. ஆனால் சொன்ன இடம் தப்பு. அந்த பஸ்ஸில் ஒன்பது ஃபிட்டர், லேத் ஓட்டும் நான்கு டர்னர், ஒரு எலக்ட்ரீஷியன். அதில் முதல் ஆளாகச் சட்டையைக் கழற்றியது என் வீட்டுக்காரர்.

"இத்தினி பேரு கீறோம். வெளியாளு வந்து ரிப்பேரு பண்ணான்னு தெரிஞ்சா நாளிக்கு எஸ்டேட்டுல தல காட்ட முடியுமா?"

"கரீட்டு மச்சான்" என்றது கூட்டம். பம்புதான் போச்சு என்றார் ஒரு டர்னர். கரன்ட் கோளாறு, தான் பார்க்காத கோளாறா என்றார் எலக்ட்ரீஷியன். சரி, எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். சண்டையே இல்லை. பார்ப்பது என்றால் இவர்களுக்குப் பிரிப்பது. ஏழரை மணிக்குப் பாதி இன்ஜின் வெளியே கிடந்தது, என் புது ஜமக்காளத்தின் மேல்.

"யோவ், இன்னா பண்ணிகினு கீறே? அது சோறு துன்றதுக்கு எடுத்தாந்தது."

"தள்ளு மே. வரிசயா வெக்கணும், இல்லாங்காட்டி கலந்துடும்."

டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு மைல் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். எட்டு மணி ஆயிற்று. இப்போது கிளம்பினால்கூட மைசூர் போய்ச் சேர ராத்திரி எட்டரை, ஒன்பது ஆகிவிடும். என் விளக்கு அணைந்துவிடும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு ஸ்பேனரை எடுத்து யார் மண்டையிலாவது போடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது மாட்டு வண்டிகள் வரிசையாக வந்தன. முந்தின நாள் மாட்டுப் பொங்கலுக்குத் தீட்டிய கொம்பு வர்ணம் காயாத மாதிரி பளபளத்தது. வண்டி நிறையப் பொம்பளைகள், கரும்புக் கட்டு, சோற்றுத் தூக்கு. முதல் வண்டியில் இருந்தவள் எங்களைப் பார்த்தாள்.

"எங்க மே, இம்மாம் பேரு?"

"மைசூரு" என்றேன்.

அவள் ஜமக்காளத்தைப் பார்த்தாள். நட்டு நட்டாகப் பார்த்தாள். "மைசூரு ரொம்ப தூரம். ஏரி இந்தாண்டதான் கீது. ஏறு."

பொம்பளைகளும் பிள்ளைகளும் ஏறிவிட்டோம், புளிசோற்று அண்டாவோடு. ஆம்பளைகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

செம்பரம்பாக்கம் ஏரி அங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியாததில்லை. காஞ்சிபுரம் பஸ்ஸில் போகும்போது தூரத்தில் பச்சையாக ஒரு மண்மேடு தெரியும். அது ஏரிக்கரை என்பார்கள். நான் மண்மேட்டைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த மேட்டின் மேல் ஏறினேன்.

ஏறினதும் காற்று என் முந்தானையைப் பிடுங்கி முகத்தில் அடித்தது. அதை விலக்கிப் பார்த்தால் தண்ணீர். மழை முடிந்து நிறைந்து கிடந்தது. அக்கரை கண்ணுக்குத் தெரியவில்லை. கரைக் கல்லில் அலை வந்து மோதியது, ஏரிக்கு அலை உண்டென்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இந்தப் பக்கம் திரும்பினால் அறுப்புக்கு நின்ற நெல், மஞ்சளாக, என் புடவையைவிட மஞ்சளாக. நடுவில் ஒற்றையடி அகலத்துக்கு நாங்கள்.

"அக்கா, இது நம்ம பக்கந்தானா?" என்றாள் பேக்கிங்கில் என் பக்கத்தில் நிற்கும் பெண்.

"பத்து மைலு இருக்குமாடி? இத்தினி வருசம் எந்தக் கயிதையாவது சொல்லிச்சா?" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு நிறுத்த முடியவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரைமேல் ஓட ஆரம்பித்தேன். பின்னாலேயே எல்லாரும் ஓடி வந்தார்கள், பிள்ளை பெற்றவள், பெறாதவள், ஆஸ்துமாக்காரி உட்பட. எங்கே ஓடுகிறோம் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. மூச்சு வாங்கினால் உட்காருவோம், ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்ப்போம், மறுபடியும் சிரிப்போம்.

சுற்று வட்டாரமே கரைமேல் இருந்தது. பட்டம் விட்டார்கள், கபடி ஆடினார்கள். முன்பின் தெரியாதவர்கள் எங்கள் புளிசோற்றைத் தின்றார்கள், நாங்கள் அவர்கள் மீன் குழம்பைத் தின்றோம். மதகில் பாயும் தண்ணீரை எட்டிப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. இன்னொரு தடவை எட்டிப் பார்த்தேன், மறுபடியும் சுற்றட்டும் என்று. மைசூர் ஞாபகம் நடுநடுவே வந்து சுருக்கென்று குத்தியது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கடிகாரம் கட்டியிருந்தவளிடம் நேரம் கேட்பேன், திட்டுவேன், திரும்பவும் ஓடுவேன்.

நாலு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்தார். முழங்கை வரை கிரீஸ். பின்னால் டிரைவர்.

"வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சி" என்றார், தரையைப் பார்த்து.

"யாரு பண்ணது?"

"பாயிதான்" என்றார் டிரைவர். "ரெண்டு மணிக்குப் போயி இட்டாந்தேன். டீசல் பைப்புல காத்து பூந்துகினு இருந்ததாம். பிரிக்காம இருந்தா பத்து நிமிசம்னாரு. நீங்க பிரிச்சத மாட்டத்தான் இம்மாம் நேரம்."

வீட்டுக்காரர் கையை விரித்தார். உள்ளங்கையில் மூன்று போல்ட்.

"இது இன்னாயா?"

"மிச்சம்."

"இது மூணும் எங்க போவணும்னு சொல்லட்டும், இப்பவே மைசூருக்கு வண்டிய எடுக்கறேன்" என்றார் டிரைவர். "பாயிக்கே தெரியல. எந்த ஊட்டுதுய்யா இதுன்னு கேக்கறாரு. நாப்பது உசுரு ஏத்திகினு மலை மேடெல்லாம் இத்த நம்பி ஓட்ட மாட்டேன். மொள்ளமா அம்பத்தூரு வேணா போலாம்."

ஆக, மைசூர் இல்லை. எட்டு வருஷம் காத்திருந்தது மூன்று போல்ட்டில் முடிந்தது. எனக்கு அழுகை வந்தது, நான் ஒளிக்கவில்லை. கன்னாபின்னாவென்று திட்டினேன், கரையில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். அவர் கையை விரித்தபடியே நின்றார், யாராவது வந்து வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்கிற மாதிரி. அதைப் பார்த்ததும் காலையிலிருந்து வயிற்றில் இருந்த அந்தச் சிரிப்பு, பாழாய்ப்போனது, அழுகைக்கு நடுவிலேயே கிளம்பிவிட்டது.

"இன்னும் இருட்டல. மத்தவனுங்களயும் இட்டுகினு வா. வந்து மூஞ்சி கய்வுங்க" என்றேன்.

பஸ் ஊர்ந்து ஊர்ந்து ஏரிக்கரை அடி வரைக்கும் வந்தது. ஒன்பது ஃபிட்டரும் நாலு டர்னரும் எலக்ட்ரீஷியனும் கரையேறி வரிசையாக உட்கார்ந்தார்கள். சூரியன் ஏரிக்குள்தான் இறங்கியது. முதலில் நடுவில் ஒரு கோடாகப் பொன் விழுந்தது. பிறகு அது பரவிப் பரவி, எங்கள் காலடிக் கல்லு வரைக்கும் ஏரி மொத்தமும் எரிந்தது. பட்டம் விட்டவர்கள் நூலைச் சுற்றுவதை நிறுத்திவிட்டார்கள்.

"மைசூர்ல இந்நேரம் லைட்டுக்கு ஒயரிங்லாம் செக் பண்ணிகினு இருப்பானுங்க" என்றார் எலக்ட்ரீஷியன்.

என் வீட்டுக்காரர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். "அட்த்த வருசம் கண்டிப்பா போலாம் மே" என்று எனக்கு எதிரே வந்து நின்றார்.

"நவுருயா அந்தாண்ட" என்றேன். "மறைக்கிது."