கழியில் கஸ்பரின் படகு

எசெக்ஸ் பக்கத்துக் குட்மேய்ஸில் கஸ்பரைத் தெரியாத தமிழர் குறைவு. தெரியாமலிருக்க அவர் விடமாட்டார். ரயில் நிலையத்தில் டிக்கெட் கதவடியில் நிற்பது உத்தியோகம். மிச்ச நேரமெல்லாம் பெரிய மனிதர். யாழ்ப்பாணத்துப் பாசையூரிலிருந்து வந்த நாள் முதல் அவருக்கு ஒன்றில்லாவிட்டால் ஒரு பைத்தியம். கோல்ப் விளையாடப் போனார். பந்து அசையவில்லை, முதுகுதான் பிடித்துக்கொண்டது. தேனீ வளர்த்தார், பக்கத்து வீட்டுக்காரி முகம் வீங்கிக் கவுன்சிலுக்குச் சொன்னதோடு அது முடிந்தது. தலை முழுக்க நரைத்த பிறகு பிடித்தது மான் வேட்டை.

மனைவி பியற்றிஸ் இதையும் தடிமன் காய்ச்சல் மாதிரித்தான் நினைத்தாள். வரும், ஆட்டும், போகும். இது போகவில்லை.

சுடுவதற்குக் காணி கொடுக்க யாராவது சம்மதித்தால்தான் துவக்கு லைசன்ஸ் கிடைக்கும். எசெக்ஸ் முழுக்கப் பண்ணை பண்ணையாக ஏறி இறங்கினார் கஸ்பர். எல்லாரும் தேத்தண்ணி கொடுத்தார்கள், காணி கொடுக்கவில்லை. கடைசியில் கழிமுகப் பக்கம் ஒரு கிழவி, மிஸஸ் ப்ராட், தலையாட்டினாள். அவளுடைய இளம் மரக்கன்றுகளை மான்கள் கடித்துத் தின்றுகொண்டிருந்தன. தரைப்பாதை அயலவனின் குதிரைப் பட்டிக்குள்ளால் போகிறது, துவக்கோடு போக அவன் விடமாட்டான். ஆகவே கழியால் படகில் வரவேண்டும் என்றாள். இன்னுமொன்றும் சொன்னாள்: "மத்தியானத்துக்கு முன்னம் கழியை விட்டு வெளிக்கிட்டுவிட வேணும். உங்களை மீட்க நான் வரவேண்டி வந்தால், அதுதான் கடைசி நாள்."

அதாவது அந்தக் கிழவி வேண்டாமென்றால் லைசன்ஸும் போய்விடும், கஸ்பரின் வேட்டையும் முடிந்துவிடும்.

காற்றடிக்கிற ரப்பர் படகொன்றைச் சின்ன மோட்டரோடு வாங்கினார். கூட வர ஒருவரும் கிடைக்காததால் பியற்றிஸைக் கூட்டிப்போனார். படம் எடுக்க ஆள் வேண்டுமே.

"அந்த மனுசி மத்தியானத்துக்கு முன்னம் எண்டவ. மறந்துபோகாதேங்கோ," என்றாள் பியற்றிஸ், படகில் ஏறும்போதே.

"வெள்ளைக்காரிக்குத் தண்ணியெண்டாப் பயம். பாசையூரானுக்குக் கடலைப் பற்றிச் சொல்ல வாறா!"

"உங்கட அப்பா சைக்கிள் கடையெல்லோ வைச்சிருந்தவர்?"

"கடை கடற்கரையிலதானே இருந்தது? எங்கட தண்ணி எங்க போறது? காலமை நிண்ட இடத்திலதான் பின்னேரமும் நிக்கும். ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும்."

அது யாழ்ப்பாணத்துக் கடல்நீரேரி. இது எசெக்ஸ். இங்கே கடல் வேலை முடிந்த ஆள் மாதிரிக் கழியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். அது கஸ்பருக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

குறைசொல்லக் கூடாது, மான் கிடைத்தது. பியற்றிஸ் கிட்டப்போய்ப் பார்த்தாள். நாயளவு மான்.

"இதுதானோ?"

"முன்ட்ஜாக். இந்த இனமே இவ்வளவுதான்."

"எங்கட றோட்டில இதைவிடப் பெரிய பூனை கண்டனான்."

கஸ்பர் அதைக் காதில் வாங்கவில்லை. குடலை எடுத்துப் புதைத்து, மானைக் கழுவித் துடைத்துச் சாய்த்து வைத்துவிட்டுப் படப்பிடிப்பைத் தொடங்கினார். ஒரு முழங்காலில் இருந்து ஒரு படம். துவக்கைத் தோளில் போட்டுத் தூரத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு படம். தொப்பியோடு. தொப்பியில்லாமல்.

"நிலத்தோட படுத்து எடு, பியற்றிஸ். மான் பெரிசாத் தெரியோணும்."

"நான் இந்தச் சேத்துக்குள்ள படுக்கிறதோ? மானை நீட்டிப் பிடிச்சுக்கொண்டு நீங்கள் பின்னுக்கு நில்லுங்கோ. உங்கட தொந்தியும் மறைஞ்ச மாதிரி இருக்கும்."

வட்ஸ்அப் குழுவுக்கு வீடியோவும் வேண்டும் என்றார். அதில் பேச்சு வேறு; காற்று இரைந்ததால் திரும்பவும் பேசினார். கதைத்து முடித்து, மத்தியானம் தாண்டி மானைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தபோது படகு கட்டின இடத்தில்தான் இருந்தது. தண்ணீரைத்தான் காணவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பளபளவென்று சாம்பல் நிறச் சேறு. நடுவில் ஒரு வாய்க்கால் அளவு நீர், அதுவும் போகிற அவசரத்தில்.

"தள்ளினால் போயிடும்," என்றார் கஸ்பர். மானைப் படகில் போட்டுவிட்டுச் சேற்றில் காலை வைத்தார். முழங்கால் போனது. மற்றக் காலையும் வைத்தார். தொடை போனது.

"மாதாவே! அசையாதேங்கோ. நான் அந்த மனுசிக்குப் போன் எடுக்கிறன்."

"எடுக்காதை! பியற்றிஸ், உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். அவவுக்குத் தெரிஞ்சா எல்லாம் முடிஞ்சுது. தண்ணி திரும்பி வரும்தானே, அப்ப படகு தானாக் கிளம்பும்."

"படகு கிளம்பும். நீங்கள்?"

அவர் யோசித்தார். தண்ணீர் திரும்பி வந்தால் தன்னிடம்தான் முதலில் வரும் என்பது அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. ஆனாலும் வாயைத் திறந்து போன் எடு என்று சொல்லவில்லை. தண்ணீர் திரும்பி வந்து இடுப்பு நனைந்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "சிக்னல் இருக்கோ?"

பியற்றிஸ் ஏற்கெனவே பேசி முடித்திருந்தாள்.

மிஸஸ் ப்ராட் பலகைகளும் கயிறுமாக வந்தாள். வழக்கமான வேலை மாதிரி, அவசரமேயில்லாமல் பலகைகளைப் போட்டு, கயிற்றைப் பியற்றிஸிடம் ஒரு பக்கம் கொடுத்து இழுத்தாள். கஸ்பர் வந்தார். சப்பாத்துகள் வரவில்லை. வெறுங்காலோடு நின்று, நல்ல மான், பாதி உங்களுக்கு என்றார். கிழவி அந்த மானையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"முழுவதையும் கொண்டுபோங்கோ மிஸ்டர் கஸ்பர். நாளைக்கே பொலிசுக்கு அறிவிப்பன், என்ர காணியில உங்களுக்கு இனி அனுமதி இல்லையெண்டு."

அடுத்த கிழமை மான் கறி சாப்பிட வந்தவர்களில் கிறிஸ்துநாயகம், கஸ்பரின் சகலன், போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஆசையாகக் கேட்டார்: "அண்ணை, அடுத்தமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

"இல்லை தம்பி, அந்த இடம் சரிவராது. மான் குறைவு. நல்லா ஆராய்ஞ்சு பாத்திட்டுத்தான் விட்டனான்."

"ஓம் ஓம்," என்றாள் பியற்றிஸ், கறியைப் பரிமாறிக்கொண்டே. "தொடை வரைக்கும் இறங்கி ஆராய்ஞ்சவர்."