பிணத்துக்கு ஒரு வசனம்

கிஸ்லேன் துஃபோசே பதினொரு படங்களில் செத்திருக்கிறார். பதினொன்றிலும் படம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் செத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் மற்ற எல்லோருக்கும் உயிரே வரும். அப்பா போய்விட்டார் என்று பாரிஸிலிருந்து மூத்த மகள் வருவாள். பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி வருவான். அவன் விவாகரத்து செய்த மனைவியும் எதற்கென்று தெரியாமல் கூடவே வந்து நிற்பாள். தோட்டத்தில் நீள மேஜை போட்டுச் சாப்பிடுவார்கள், வீடு யாருக்கு என்று அடித்துக்கொள்வார்கள், ஒருத்தி ஒயின் கிளாஸைப் போட்டு உடைப்பாள். பிறகு சமையலறையில் பழைய பாட்டு ஒன்றைப் போட்டு எல்லோரும் கட்டிப்பிடித்து ஆடுவார்கள். கடைசியில் கடற்கரை, அஸ்திக் கலசம். காற்று சாம்பலைத் திருப்பி அவர்கள் முகத்திலேயே அடிக்கும். சிரிப்பு, கண்ணீர், முடிந்தது. சிரிக்க வைத்து அழவும் வைத்தார் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள். இந்த எழவையே வருஷத்துக்கு நாற்பது தடவை எடுக்கிறார்கள், அதுவும் இவர்கள்தான் முதன்முதலில் கண்டுபிடித்த மாதிரி ஒரு முகத்தோடு.

கிஸ்லேனுக்கு ஊர் பிரான்ஸின் வடக்கே பெத்தூன். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இவர் டயர் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். ஒருநாள் அதை இழுத்து மூடினார்கள். அந்தச் சமயம் பார்த்து ஊருக்குள் படம் எடுக்க வந்த கூட்டம், நீளமான முகமும் ஒட்டிய கன்னமுமாக ஓர் ஆள் வேண்டும், அசையாமல் கிடக்க வேண்டும் என்று தேடியது. அசையாமல் கிடப்பது கிஸ்லேனுக்குக் கை வந்த கலை. பந்தயப் புறா வளர்க்கிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் கொல்லையில் மல்லாந்து படுத்து, தெற்கே எங்கோ விட்ட புறா வருகிறதா என்று மணிக்கணக்கில் வானத்தைப் பார்த்துப் பழகியவர். போய்ப் படுத்தார், நன்றாகச் செத்தார், அதோடு சாவே தொழிலாகிவிட்டது.

அந்தத் தொழிலுக்கும் நேமம் நிஷ்டை எல்லாம் உண்டு. படப்பிடிப்புக்கு முதல் நாள் அவர் பாலாடைக்கட்டி தொடமாட்டார், வயிறு சத்தம் போட்டுவிடும். கதாநாயகி நெஞ்சில் விழுந்து புரண்டு அழுதாலும் ஐம்பது விநாடி மூச்சை அடக்குவார். காலையில் படப்பிடிப்புக்கு வருகிற ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரையும் கன்னத்தில் முத்தமிட்டு வணக்கம் சொல்லியே தீர வேண்டும், அது அவர்கள் வழக்கம். அறுபது பேர் அறுபது பேரை முத்தமிட அரைமணி நேரம் போகும். கிஸ்லேனை மட்டும் ஒருவரும் கிட்ட நெருங்கமாட்டார்கள். பவுடர் கலைந்துவிடுமாம். மதியச் சாப்பாட்டிலும் அவர் எதிரே யாரும் உட்காரமாட்டார்கள். பிணத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை என்று ஒரு பெண் அவர் காதுபடவே சொன்னாள். உருளைக்கிழங்கு வறுவலைத் தனியாகத் தின்றுவிட்டு எழுந்து போவார்.

ஒன்றே ஒன்றுதான் அவருக்குத் தீராத ஆசை. வாய் திறந்து ஒரு வார்த்தை பேச வேண்டும். துணை நடிகர்கள் பேசக்கூடாது, அதுதான் சட்டம். ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்து படத்தில் நின்றுவிட்டால் அந்த ஆள் நடிகர். ஒப்பந்தக் காகிதமே மாறிவிடும், பெயர் திரையில் தனியாக வரும். ஆகவே தயாரிப்பாளரின் ஆட்கள் துணை நடிகர்களின் வாயைப் பூட்டுப் போட்டுக் காவல் காப்பார்கள். காப்பிக் கடைக் காட்சி என்றால் பின்னால் இருப்பவர்கள் சத்தமில்லாமல் உதட்டை அசைக்க வேண்டும். பிணத்துக்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது. பதினேழு வருஷம் கிஸ்லேன் அப்படியே ஓட்டினார்.

அவர் மனைவி ரோலாந்த் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்து ஓய்வு பெற்றவள். வாய் கொஞ்சம் நீளம். அவர் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைத் தொங்கப்போட்டுப் பார்த்தால் விடமாட்டாள்.

"யோவ், பொணமாக் கெடக்கறதுக்கு எதுக்குய்யா ஒத்திகை? ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுட்டுக் கெடப்பியே, அப்படியே கெட, போதும்."

பன்னிரண்டாவது படத்துக்குக் கூப்பிட்டவன் ஒக்தாவ் வால்மோரன் என்ற இயக்குநர். நாற்பத்தைந்து வயது. எளிய மனிதர்களைப் பற்றிப் படம் எடுப்பவன் என்று அவனுக்குப் பெயர். எளிய மனிதர்களை அவன் எங்கே பார்த்தான் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம், அவன் தாத்தா காலத்திலிருந்து பாரிஸில் ஐந்து அறை வீட்டில் இருக்கிறவன். நீல நிறத்தில் தொழிற்சாலைக்காரன் சட்டை ஒன்று எப்போதும் போட்டிருப்பான், பாரிஸில் நாகரிகக் கடையில் வாங்கியது. அதே சட்டையைக் கிஸ்லேன் இருபத்திரண்டு வருஷம் போட்டார். ஆலை மூடிய அன்று கொல்லையில் போட்டுக் கொளுத்தினார்.

"பெரியவரே," என்றான் ஒக்தாவ், இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு. "இந்தப் படத்துல நீங்க சாகறதுக்கு முன்னாடி பேசறீங்க. ஒரே ஒரு வரி. 'ஜன்னலைச் சாத்துங்க, குளிருது.' அவ்வளவுதான். ஆனா மொத்தப் படமும் அது மேலதான் நிக்குது."

ஒரு வாரத்தில் காகிதம் வந்தது. பெயருக்குக் கீழே 'நடிகர்' என்று அச்சடித்திருந்தது. ரோலாந்த் அதைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"கடைசியில எம் புருஷன் வாயத் தொறக்கப் போறான்டீ. வீட்டுலயே தொறந்து நான் பாத்ததில்ல."

ஒரு மாதம் புறாக்கூண்டுக்கு முன்னால் நின்று அந்த ஒரு வரியைச் சொல்லிப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார், கோபமாகச் சொன்னார், போகிற உயிர் சொல்கிற மாதிரி சொன்னார். புறாச் சங்கத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்துபோயிற்று. பார்க்கிறவன் எல்லாம், "என்ன கிஸ்லேன், ஜன்னல் சாத்தியாச்சா?" என்று கேட்டான்.

பிப்ரவரி மாதம், நார்மாண்டிக் கடற்கரையில் ஒரு பெரிய வீடு. படத்தில் அது உயில், சொத்துப் பத்திரம் எழுதித் தருகிற படித்த பெரிய மனிதரான ஒரு நோட்டரியின் வீடு. கிஸ்லேன்தான் நோட்டரி. முதல் நாள் காலையில் உதவி இயக்குநர் சலோமே கையில் வேறொரு காகிதத்தோடு வந்தாள். முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"நோட்டரி உசிரோட இருக்கற காட்சியைத் தூக்கிட்டோம் பெரியவரே. ஒக்தாவ் ரொம்ப யோசிச்சாராம். சாவுங்கறதே மௌனம்தானாம்."

"அப்ப நானு?"

"நீங்கதான் அந்த மௌனம்."

புதுக் காகிதத்தில் பெயருக்குக் கீழே 'துணை நடிகர்' என்று இருந்தது. பேனாவை நீட்டினாள். கையெழுத்துப் போட்டார். போடாமல் என்ன செய்வார், பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார். அந்தப் பக்கம் ஒக்தாவ் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கட்டிப்பிடிக்க மட்டும்தான் அந்த மகராசன் நேரில் வருவான்.

நோட்டரியைக் கட்டிலில் கிடத்தினார்கள். ஆன்மா வெளியே போக ஜன்னலைத் திறந்துவைத்திருக்க வேண்டும் என்று கதை. திரைச்சீலை நிஜக் காற்றில்தான் ஆட வேண்டும் என்று ஒக்தாவ் பிடிவாதம் பிடித்தான், மின்விசிறி பொய்யாம். கடற்காற்று நேராகக் கட்டில் மேல் வந்து அடித்தது. மகளாக நடித்த அபோலின் பெரிய நட்சத்திரம். ஒவ்வொரு டேக் முடிந்ததும் அவளுக்குக் கம்பளி போர்த்தினார்கள், வெந்நீர்ப் பை கொடுத்தார்கள், சூடாகக் காப்பி கொடுத்தார்கள். கிஸ்லேன் மேலே மெல்லிய துப்பட்டி ஒன்று.

"பெரியவர் அசையாதீங்க, துப்பட்டி மடிப்பு மாறிடும்," என்றாள் சலோமே.

பதின்மூன்று டேக் போயிற்று. பதின்மூன்று தடவையும் அபோலின், அப்பா தன்னிடம் ஒருநாளும் மனம்விட்டுப் பேசவில்லை என்று அழுதாள். ஒக்தாவ் மானிட்டருக்குப் பின்னால் தலையைப் பிடித்துக்கொண்டு, "வலி பத்தல கண்ணு, வலி பத்தல," என்றான். கிஸ்லேனுக்குக் கால் விரல்கள் இருக்கிற இடமே தெரியவில்லை. இருந்தும் இமைகூட அசையவில்லை. எந்தக் கல்லூரியிலும் எவனுக்கும் சொல்லித் தராத வேலை அது. அந்த அறையில் ஒழுங்காக வேலை பார்த்த ஒரே ஆள் பிணம்தான்.

பதினான்காவது டேக். அபோலின் கட்டில் சட்டத்தைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தையாவது பேசுங்கப்பா!"

கண்ணைத் திறக்காமலே பிணம் சொல்லிற்று:

"ஜன்னலச் சாத்துங்கடா. பல்லு வெடவெடங்குது."

அபோலின் வாயைப் பிளந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். அடக்க முடியாமல் சிரித்தவள், அப்படியே மடங்கி உட்கார்ந்து நிஜமாகவே அழ ஆரம்பித்தாள். தேம்பித் தேம்பி அழுதாள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

"கட்!" என்று கத்திக்கொண்டு ஒக்தாவ் வந்தான். "உமக்கு மூளை இருக்காய்யா? பொணம் எங்கயாவது பேசுமா? தொலைச்சிட்டீரே!" அப்புறம் போய் மானிட்டரில் போட்டுப் பார்த்தான். இரண்டாம் தடவை பார்த்தான். மூன்றாம் தடவை பார்த்துவிட்டு எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. இந்தக் கூட்டத்துக்குக் கண் கலங்குவது ஒரு பெரிய காரியமே இல்லை.

"இது இருக்கும்," என்றான். "இதுதான் படம். செத்தவங்க பேசறாங்க. இது என் மனசுக்குள்ள ஆரம்பத்துலேர்ந்தே இருந்தது."

எல்லோரும் கைதட்டினார்கள். கிஸ்லேனைக் கட்டிப்பிடித்தார்கள், அன்றைக்குத்தான் முதன்முதலாக அவருக்கும் கன்னத்தில் முத்தம் கிடைத்தது. அபோலின் அவர் நெற்றியில் முத்தமிட்டாள். சாவைப் பற்றியும் மௌனத்தைப் பற்றியும் அங்கேயே நின்று கால்மணி நேரம் பேசினார்கள். ஜன்னலை மட்டும் ஒருவரும் சாத்தவில்லை.

வண்டி ஏறும்போது கிஸ்லேன் சலோமேயைத் தனியாகப் பிடித்தார்.

"பேசிட்டேனேம்மா. அந்தப் பழைய காகிதம் திரும்ப வருமா?"

"எடிட்டிங் முடியட்டும் பெரியவரே, பாக்கலாம்."

வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ரோலாந்த் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எட்டு மாதம் ஓடியது, காகிதம் வரவில்லை.

படம் வெளியாகும் முன்னால் இந்தக் கூட்டம் ஊர் ஊராகப் போய்ப் படத்தைக் காட்டி, மேடையேறி நின்று பாராட்டு வாங்கும். நவம்பரில் ஒரு ஞாயிறு மதியம் பெத்தூனுக்கு வந்தார்கள். முந்நூறு பேர் உட்காரும் அரங்கு நிறைந்தது. புறாச் சங்கத்தில் இருந்தே பதினேழு பேர். ரோலாந்த் காலையிலேயே தலையை அலங்கரித்துக்கொண்டு வந்திருந்தாள். படம் தொடங்கியபின் வந்த எவனோ பின்கதவைத் திறந்துபோட்டுவிட்டான், குளிர் காற்று காலடியில் ஊர்ந்துகொண்டே இருந்தது. யார் கவனித்தார்கள்? கிஸ்லேன் தொடையில் கைகளை ஊன்றிக்கொண்டு திரையையே பார்த்தார்.

அந்தக் காட்சி வந்தது. அபோலின் கட்டிலை உலுக்கினாள். திரையில் கிஸ்லேனின் உதடுகள் திறந்தன.

"சன்னலை மூடுங்கள். குளிர்கிறது."

வழுவழுப்பான, ஆழமான, வானொலியில் செய்தி வாசிக்கிற குரல். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. புறாச் சங்கத்து வரிசையில் மட்டும் சிரிப்பு இல்லை. ரோலாந்த் திரும்பினாள்.

"யோவ். யாருய்யா அது?"

கடைசியில் பெயர்கள் ஓடின. தந்தையின் குரல் என்று போட்டு யாரோ ஒரு நாடக நடிகரின் பெயர் தனியாக வந்தது. கிஸ்லேன் பெயர் முப்பது பேர் அடங்கிய பொடி எழுத்துக் கும்பலில் எங்கோ போயிற்று. படத்தில் அவர் குரல் இல்லை, ஆகவே அவர் பேசவில்லை, ஆகவே அவர் நடிகர் இல்லை. எவ்வளவு சுத்தமான கணக்கு!

விளக்கு எரிந்ததும் ஒக்தாவ் நீலச் சட்டையோடு மேடையேறினான். பள்ளி ஆசிரியை ஒருத்தி எழுந்து, செத்தவர் பேசுகிற அந்த வரி எப்படித் தோன்றியது என்று கேட்டாள்.

"எங்கப்பாவ நெனச்சு ஒருநாள் அழுதுக்கிட்டே எழுதினேன்," என்று வாய் கூசாமல் அளந்துவிட்டான்.

ரோலாந்த் முழங்கையால் ஓர் இடி இடித்தாள். "எந்திரி. இப்ப எந்திரிக்கல, நான் எந்திரிப்பேன்."

கிஸ்லேன் எழுந்தார். ஒக்தாவ் பார்த்துவிட்டான்.

"அட, நம்ம பொணம்! கை தட்டுங்க எல்லாரும்!" தட்டினார்கள். "பெரியவரே, குரலைப் பத்தித் தப்பா எடுத்துக்காதீங்க. உங்க முகம் பிரான்ஸ் நாட்டுக்கே சொந்தம். ஆனா உங்க பேச்சு கொஞ்சம்... இந்தப் பக்கத்துப் பேச்சு. ஒரு நோட்டரி அப்படிப் பேசமாட்டார் பாருங்க."

இந்தப் பக்கத்துப் பேச்சு பேசுகிற முந்நூறு பேருக்கு நடுவே நின்று அதைச் சொன்னான். தட்டிய கைகள் ஒவ்வொன்றாக நின்றன. எதற்காக நின்றன என்பதுகூட அவனுக்குப் புரியவில்லை, சிரித்துக்கொண்டே நின்றான்.

மைக்கை ஒருத்தி கொண்டுவந்து நீட்டினாள். கிஸ்லேன் வேண்டாம் என்று தலையசைத்தார். கண்ணை மூடிக்கொண்டார், மூடாமல் அவருக்கு அது வராது. புறாக்கூண்டுக்கு முன்னால் சொன்ன அதே குரலில், சுரங்கக்காரன் வீட்டுக் குரலில், நிதானமாகச் சொன்னார்.

"ஜன்னலச் சாத்துங்கடா. பல்லு வெடவெடங்குது."

ஒருவரும் சிரிக்கவில்லை. கைதட்டவும் இல்லை. கடைசி வரிசையில் இருந்து ஒரு ஆள் எழுந்தார், யாரென்று கிஸ்லேனுக்குத் தெரியாது. போய்ப் பின்கதவை இழுத்துச் சாத்தினார். திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.