வண்டியின் இயல்பு

க்ரெய்க் லெத்பிரிட்ஜ் எல்லா வண்டிக்கும் இருக்கையை விட்டு எழுந்து வருவதில்லை. டயர் மாற்ற வந்தவர்கள், பிரேக் தேய்ந்து வந்தவர்கள், கங்காருவை இடித்துவிட்டு முன்பக்கம் நசுங்க வந்து நிற்பவர்கள், எல்லோரிடமும் கணினிக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே பேசி அனுப்பிவிடுவான். செலாரா என்ற மாடல் கார் வந்து நின்றால் மட்டும் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வருவான். கூரைமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, "எப்படி ஓடுது, பரவாயில்லையா?" என்று கேட்பான். பதில் வந்த பிறகுதான் உள்ளே போய்த் தட்டச்சு செய்வான்.

ரேலீன் டோங்கின் இதை ஏழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்திரேலியாவின் ஹார்ஷமில், க்ரெய்க் வரவேற்பு மேசையில் இருந்த கார் விற்பனை நிலையத்தின் பின்பக்கம் வண்டி கழுவுவது அவள் வேலை. பழுது பார்த்து முடிந்த வண்டியைப் பட்டறையிலிருந்து ஓட்டி வந்து, கழுவித் துடைத்து, உள்ளே தூசி உறிஞ்சி, முன்வாசலில் நிறுத்த வேண்டும். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். வாடிக்கையாளர் யாராவது நன்றி சொன்னால்கூடத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். கழுவும் இடத்துக்கும் வரவேற்பு மேசைக்கும் நடுவே ஒரு தள்ளு கதவு உண்டு. அது சரியாக மூடாது. அரை அடி இடைவெளியில் அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் இந்தப் பக்கம் கேட்கும். அதிகம் பேசாதவர்களுக்குக் காது வேலை செய்யாது என்று ஏனோ எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

செலாராவுக்கு என்ன கோளாறு என்பது அவளுக்குக் காலில் தெரியும். பட்டறையிலிருந்து கழுவும் இடத்துக்கு முப்பது அடிதான். அந்த முப்பது அடியில் மற்ற வண்டிகள் மிதித்தவுடன் நகரும். செலாராவில் மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி நகராது. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணலாம். பிறகு பிடரியில் தள்ளியதுபோல் ஒரு குதி குதித்துக் கிளம்பும். எல்லாச் செலாராவும் அப்படியில்லை, மூன்றில் ஒன்று. பழுது பார்த்த தாளைப் பார்த்தால் அதிலும் அதே வரிதான் இருக்கும்: "குறை தென்படவில்லை. வண்டியின் இயல்பு."

முன்கூடத்திலோ அந்த வண்டியின் பெரிய படம் மாட்டியிருந்தது. வண்டி வாங்கியவர்களிடம் போனில் கருத்துக் கேட்டு ஒரு பத்திரிகை வருடாவருடம் போடும் பட்டியலில் நம்பகத்தன்மைக்கு ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். படத்தின் கண்ணாடியைத் துடைப்பதும் ரேலீன்தான். தங்கை க்ளெனிஸ் வண்டி வாங்கப்போகிறேன் என்றபோது, "அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கான்" என்று சொன்னவளும் அவள்தான். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை நம்பி க்ளெனிஸ் வாங்கிவிட்டாள்.

க்ளெனிஸ் முதியோர் இல்லத்தில் சமையல்காரி. தினமும் காலையில் வீட்டுச் சாலையிலிருந்து பெரிய நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து போக வேண்டும். சிக்னல் கிடையாது. நவம்பரில் அறுவடை தொடங்கிவிட்டால் கோதுமை ஏற்றிய இரட்டைப் பெட்டி லாரிகள் ஓயாமல் வரும். அப்படி ஒரு காலையில் அவளுடைய வெள்ளைச் செலாரா நடுச்சாலையில் நின்றுவிட்டது. அதை அவள் அக்காவிடம் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னாள்.

"கொஞ்சம் யோசிச்சுது ரே. லாரிக்காரன் ஹார்ன் அடிச்ச அடியில, எனக்கே கிளட்ச் கழண்டுபோச்சு."

ரேலீனுக்குச் சிரிப்பு வரவில்லை. க்ளெனிஸ் அந்த வண்டியை இரண்டு முறை க்ரெய்க்கிடம் கொண்டுவந்திருந்தாள். இரண்டு முறையும் அவன் எழுந்து வந்து கூரைமேல் கை வைத்தான். இரண்டு முறையும் அவள், "கொஞ்சம் தயங்குது, மத்தபடி பரவாயில்லை" என்றாள். இரண்டு முறையும் அதே வரியோடு வண்டி திரும்பிப் போனது.

க்ரெய்க் ஒரு சாவுக்காக அடிலெய்டு போயிருந்த நாளில்தான் ரேலீன் அந்தத் தாளைப் பார்த்தாள். சாவிகளை எப்போதும் அவனே எடுத்துக் கொடுப்பான். அன்று அவளே அலமாரியைத் திறக்க வேண்டியிருந்தது. கதவின் உட்பக்கத்தில் கார் கம்பெனியிலிருந்து வந்த ஒரு தாளை ஒட்டியிருந்தான். அவள் மெதுவாகத்தான் படிப்பாள். இரண்டு முறை படித்தாள்.

செலாராவின் வாடிக்கையாளர் தாமாகவே "நின்றுவிட்டது" அல்லது "நகரவில்லை" என்று சொன்னால், விற்ற நாளிலிருந்து ஐந்து வருடம் வரை கிளட்சை இலவசமாக மாற்றித் தரவும். "தயங்குகிறது", "உதறுகிறது" என்று மட்டும் சொன்னால் அது வண்டியின் இயல்பு என்று விளக்கவும். வாடிக்கையாளருக்குச் சொல் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

ரேலீன் அலமாரியை மூடினாள். அந்த மேசைக்கு முன்னால் நின்று பேசியவர்களை எல்லாம் நினைத்துப் பார்த்தாள். நின்றுவிட்டது என்று யார் சொல்லியிருப்பார்கள்? இந்த ஊரில் கூரை பறந்துபோனவன் கொஞ்சம் காற்று என்பான். கால் முறிந்து கட்டுப் போட்டவனிடம் எப்படி இருக்கிறது என்றால் மோசமில்லை என்பான். பரவாயில்லையா என்று கேட்டு வாய் திறக்க வைத்தால், பரவாயில்லை என்பதைத் தவிர வேறு எதுவும் வராது. க்ரெய்க் இந்த ஊரில் பிறந்தவன். அவனுக்கு அது தெரியாதா?

பட்டறையில் மிர்கோ தனியாக இருந்தான். இருபது வருடம் அங்கே வேலை பார்க்கும் மெக்கானிக்.

"சாவி அலமாரில ஒரு தாள் இருக்கு, பார்த்திருக்கியா?"

"எந்த அலமாரி?"

"மிர்கோ."

"நான் கண்ணாடி போடாம எதையும் படிக்கிறதில்ல. கண்ணாடியை வீட்டுலயே வெச்சுட்டு வந்துடுவேன்." ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே அவன் குரலைத் தாழ்த்தினான். "உன் தங்கச்சி வண்டி எப்ப வாங்கினது?"

"அஞ்சு வருஷம் ஆகப்போகுது."

"ஆகப்போகுதா, ஆயிடுச்சா? போய்த் தேதியைப் பாரு."

பார்த்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குப் பிறகு க்ளெனிஸ் என்ன சொல்லி அழுதாலும் கம்பெனி அந்த வண்டியைத் தொடாது. அறுவடையோ ஜனவரி வரைக்கும் நடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனாள். க்ளெனிஸ் வறுப்பதற்குப் பூசணிக்காயைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நடுரோட்ல எவ்வளவு நேரம்டி நின்ன?"

"நிக்கல. யோசிச்சுது."

"எவ்வளவு நேரம் யோசிச்சுது?"

"லாரிக்காரன் மூணு தடவை ஹார்ன் அடிக்கிற நேரம்."

"அதுக்குப் பேர் நின்னுபோறது."

"நின்னுபோயிருந்தா இன்னைக்கு இங்க பூசணிக்கா வெட்டிட்டிருப்பேனா?"

ரேலீன் தாளில் இருந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்கப் பாதி மத்தியானம் ஆயிற்று. அவ்வளவு பேசிப் பழக்கமில்லை. க்ளெனிஸ் கத்தியைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"க்ரெய்க் அப்படிச் செய்யமாட்டான். என்கூட ஒரே வகுப்புல படிச்சவன். அவங்க அம்மாவுக்குத் தினமும் காலைல கஞ்சி கொடுக்கிறது நான்தான்."

"அதனாலதான் உனக்கு வாய் வரல. செவ்வாய்க்கிழமை வண்டியைக் கொண்டா. நின்னுபோச்சுன்னு சொல்லு. அந்த வார்த்தையை அப்படியே சொல்லு."

"புலம்புற மாதிரி இருக்கும் ரே."

"பத்திரிகையிலேர்ந்து போன்ல கருத்துக் கேட்டாங்களே, அவங்ககிட்டயாவது சொன்னியா?"

"பத்துக்கு எத்தனைன்னு கேட்டாங்க. நீதானே வண்டில அட்டை மாட்டி அனுப்பியிருந்த, போன்ல கேக்கிறப்ப பத்து கொடுக்க முடியாதுன்னா முதல்ல எங்ககிட்ட சொல்லுங்கன்னு. உனக்கு ஏதாவது பிரச்சனை வந்துடப்போகுதுன்னு பத்துன்னேன். ஒவ்வொரு தடவையும்."

அந்த அட்டைகளை ஏழு வருடமாக உள்கண்ணாடியில் மாட்டியது ரேலீனின் கைதான். சுவரில் இருந்த ஐந்து நட்சத்திரங்களில் ஒன்றாவது தன் தங்கையுடையதாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை க்ளெனிஸ் வந்தாள். ரேலீன் தள்ளு கதவின் இடைவெளியில் நின்றாள். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டாள், சத்தம் மறைத்துவிடக் கூடாதென்று. க்ரெய்க் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தான். கையைக் கூரைமேல் வைத்தான்.

"க்ளென்! அம்மா உன் கஞ்சியைப் பத்தி ஒரே பாராட்டு. என்ன, வண்டி பரவாயில்லையா?"

"ம்... பரவாயில்லை. கொஞ்சம் அந்தத் தயக்கம்தான்."

"பழைய தயக்கமா?"

"பழைய தயக்கம்தான்."

"சரி, ஒரு பார்வை பார்த்துடறேன்." அவன் திரும்பி நடந்தான்.

ரேலீன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ரப்பர் பூட்ஸிலிருந்து தண்ணீர் ஓடுகளில் சொட்டியது. உட்கார்ந்திருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஏழு வருடத்தில் அவள் அந்தப் பக்கம் வந்து பேசியதே இல்லை.

"அது நின்னுபோச்சு க்ரெய்க். நடு நெடுஞ்சாலைல. எழுது."

க்ரெய்க் அவளைப் பார்க்கவில்லை. "அதை நீ சொல்லி நான் எழுத முடியாது ரே. வாடிக்கையாளர்தான் சொல்லணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது போலிருந்தது. ஆனால் க்ளெனிஸ் கேட்டுவிட்டாள்.

"எதை நான்தான் சொல்லணும்?"

"ஒண்ணுமில்ல, சும்மா ஒரு நடைமுறை..."

"இல்ல இல்ல. எதையோ நான் சொன்னா எழுதுவ, சொல்லலைன்னா எழுதமாட்ட. அப்படித்தானே? மூணு தடவை என் வண்டிமேல கையை வெச்சுட்டுக் கேட்டியேடா. அப்ப எல்லாம் நான் அதைச் சொல்லிடக் கூடாதுன்னுதான் நின்னியா?"

க்ரெய்க் வாசலைப் பார்த்தான்.

"எழுதிக்கோ," என்றாள் க்ளெனிஸ். "நின்னுபோச்சு. கோதுமை லாரி வர்ற நேரத்துல நடுரோட்ல நின்னுபோச்சு. நகரவே இல்லை. இன்னும் வேற வார்த்தை ஏதாவது வேணுமா?"

"அது போதும்," என்றான் அவன். உட்கார்ந்து தட்டச்சு செய்தான். அவன் முகத்தில் இருந்தது கோபமா நிம்மதியா என்று ரேலீனால் பிரித்தறிய முடியவில்லை. உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர்களில் ஒருவர் எழுந்து வந்து, "எனக்கும் செலாராதான்" என்று ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை மிர்கோ கிளட்சை மாற்றினான். கெடு முடிய ஒரு நாள் இருந்தது.

அடுத்த வாரம் சாவி அலமாரிக்குப் பூட்டு வந்தது. வாரம் ஐந்து நாளாக இருந்த ரேலீனின் வேலை மூன்று நாளாயிற்று. கூட்டம் குறைவு என்று காரணம் சொன்னார்கள். மற்ற இரண்டு நாட்களிலும் வண்டிகளை யார் கழுவுகிறார்கள் என்று அவளும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை.

க்ளெனிஸ் இப்போதும் அதே வண்டியில்தான் நெடுஞ்சாலையைக் கடந்து வேலைக்குப் போகிறாள். பதினான்கு மாதமாக அது நடுவில் நிற்கவில்லை. கழற்றிய கிளட்சிலும் புதிதாகப் போட்ட கிளட்சிலும் ஒரே மாடல் எண்தான் பொறித்திருந்தது, புதியதும் அதே வகைதான் என்று மிர்கோ சொல்கிறான்.